குனோமா, மாட்டேயா: நன்றாக ஓடும் டெஸ்க்டாப்பை மாற்றத்தான் வேண்டுமா?

குனோம், மாட்டே இரண்டும் லினக்ஸில் திரை, மெனு, பட்டை எல்லாவற்றையும் தரும் டெஸ்க்டாப் மென்பொருள்கள். இந்த இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக் கணினிகளில் மாட்டேயைப் போட்டுவிட்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் இல்லை.

2011 ஏப்ரலில் குனோம் 3 வந்தபோது, குனோம் 2-இல் பழகியிருந்த கீழ்ப் பட்டை, அப்ளிகேஷன்ஸ் மெனு, மினிமைஸ் பட்டன் எல்லாம் ஒரேயடியாகப் போயின. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப் பக்கம் போனார். (பிறகு குனோமுக்கே திரும்பினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.) அதே ஆண்டு அர்ஜென்டினாக்காரர் ஒருவர் குனோம் 2-இன் நிரலை எடுத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கியதுதான் மாட்டே.

அழகு, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் தேடும் வசதி, டச்பேட் சைகைகள் எல்லாம் குனோமுக்கு. மெமரி குறைவாகத் தின்பது மாட்டே. பழைய லேப்டாப்பில் இது தெரியும், புதியதில் பேச்சே இல்லை.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். குனோமில் பழைய மாதிரி பட்டை வேண்டுமென்றால் 'டேஷ் டு பேனல்' போன்ற எக்ஸ்டென்ஷன் (வெளியார் எழுதும் சிறு துணை நிரல்) போடலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் இந்த எக்ஸ்டென்ஷன்கள் குனோமின் திரை முகப்பான குனோம் ஷெல்லின் உள் நிரலிலேயே நேரடியாகக் கை வைப்பவை. உள்ளே ஏதாவது மாறினால் இவையும் மாற வேண்டும். எந்தெந்தப் பதிப்பில் ஓடும் என்று ஒவ்வொன்றும் தன் கோப்பில் எழுதி வைத்திருக்கும். புதிய பதிப்பின் எண் அதில் இல்லையென்றால் சாதாரணமாக இயங்காது. குனோமோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. 2023-இல் வந்த 45-ஆம் பதிப்புக்காக எக்ஸ்டென்ஷன் எழுதியவர்கள் எல்லோருமே தங்கள் நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. சம்பளம் வாங்காமல் எழுதுகிறவர் அலுத்துப்போய் விட்டுவிட்டால், அப்டேட் முடிந்த மறுநாள் காலை அம்மாவின் கணினியில் பட்டை இருக்காது. போன் எனக்குத்தான் வரும்.

மாட்டேயில் அந்தப் பட்டை டெஸ்க்டாப்பின் பகுதியே. உள்ளே ஒன்றும் மாறவில்லை என்று நினைக்க வேண்டாம்: ஜன்னல், பட்டன்களை வரையும் அடிப்படை நூலகமான ஜிடிகே 2-இலிருந்து ஜிடிகே 3-க்கு மாறும் வேலையை 2017-இல் வந்த 1.18 பதிப்பில் முடித்தார்கள். அஸ்திவாரத்தையே மாற்றிக் கட்டியும், பயன்படுத்துகிறவர் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. கோப்பு மேலாளரில் எஃப்3 தட்டினால் இரண்டு பலகையாகப் பிரியும் வசதி குனோமின் நாட்டிலஸில் 2012-லேயே போய்விட்டது, மாட்டேயின் காஜாவில் இன்னும் இருக்கிறது. படங்களை வகைபிரிக்கும்போது அது இல்லாமல் எனக்கு ஓடாது.

தொடுதிரை பற்றி நான் சொல்ல முடியாது, வைத்துக்கொண்டதில்லை. வெவ்வேறு பிக்சல் அடர்த்தியுள்ள இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் குனோமையே எடுங்கள், திரையில் படத்தைக் காட்டும் புதிய முறையான வேலண்டில் அது இதை நன்றாகவே கையாளுகிறது. மாட்டேயில் வேலண்ட் ஆதரவு இன்னும் முழுமையாகவில்லை. தமிழ் விசைப்பலகையும் குனோம் செட்டிங்ஸிலேயே சேர்ந்துவிடும், மாட்டேயில் ஒலிபெயர்ப்பு மாதிரியான தட்டச்சு முறை வேண்டுமென்றால் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளைத் தனியாக அமைக்க வேண்டும்.

இன்னொன்று: மாட்டே குழு சிறியது. 1.26-க்கும் 1.28-க்கும் நடுவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த மெதுவான போக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அலுவலகத்தில் ஐம்பது கணினிக்குப் பொறுப்பாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.