படப்பிடிப்பில் 40 நாள் சம்பளப் பயிற்சி: என் அனுபவம்

திருவையாறு பக்கம் எடுத்த ஒரு டிவி தொடரில் மாணவப் பயிற்சியாளராக இருந்தேன். நாளுக்கு 500 ரூபாய், மூன்று வேளை சாப்பாடு. முதல் வாரக் காசு சனிக்கிழமையே கைக்கு வந்தது. அப்பாவிடம் பஸ்ஸுக்குக் கேட்காமல் போய்வர முடிந்ததே எனக்குப் பெரிது.

என் வேலை கன்டினியூட்டி, அதாவது ஒரு காட்சியை வெவ்வேறு நாளில் எடுத்தாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது. நம்ம ஊரில் அது லேசில்லை, வயல் யாருக்காகவும் காத்திருக்காது. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்து நட்ட குறுவை. நாயகி வரப்பில் நடக்கும் காட்சியில் பாதியை நடவுக்கு மறுநாள் எடுத்தோம். மீதிக்கு 12 நாள் கழித்துப் போனால் பயிர் பச்சை பிடித்துத் தூர் கட்டத் தொடங்கியிருக்கிறது! செல்போனில் பழைய படத்தைக் காட்டினேன். உதவி இயக்குநர் அக்கா உடனே, "தம்பி சொல்றது சரி, பிந்தி நட்ட வயலாப் பாருங்க" என்றார். இரண்டு வருஷ விஷுவல் கம்யூனிகேஷன் வகுப்பில் இது கிடைக்கவில்லை.

குறையும் உண்டு. இரவு 1 மணிக்கு பேக்கப் (அன்றைய படப்பிடிப்பு முடிந்தது) சொன்னால் பயிற்சி மாணவர்களுக்கு வண்டி கிடையாது. இரண்டு முறை பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். கடைசி 10 நாள் சம்பளம் இரண்டு மாதம் இழுத்தது. சேர்பவர்கள் காசு, நேரம், வண்டி மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்த லீவுக்குத் தங்கச்சி போகணும் என்கிறாள். இரவு வண்டி உறுதியானால் நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.