நூலா, மெஷினா? பாகம் மாற்றிய பிறகு முன்சில்லு அலைன்மென்ட்

கொரோல்லா 121, அக்சியோ, வகன் ஆர், அல்டோ என்று யாழ்ப்பாணத்தில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் ஒரே அமைப்புத்தான்: மக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் சேர்ந்த தூண்), கீழே ஒரு லோவர் ஆம் (சில்லைக் காரின் சட்டத்தோடு பிடிக்கும் கை). கம்பனி திருத்தவென்று விட்டிருப்பது டோ ஒன்றை மட்டும், அதாவது மேலிருந்து பார்த்தால் சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை. கம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சில்லின் சரிவு) காஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் சில்லு திரும்பும் அச்சின் சரிவு) பாகங்களின் அளவு எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே நிற்கும். காரைப் பதிக்கும் ஸ்பிரிங், புது லோவர் ஆம், புது ரை ரொட் எண்ட் (சில்லைத் திருப்பும் தண்டின் நுனி மூட்டு) போட்டதும் இந்த அளவுகள் நகர்ந்துவிடும். அதன்பிறகுதான் நூல் பிடித்துக் கையால் அளப்பதா, கணினி மெஷினில் ஏற்றுவதா என்ற யோசனை வரும்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. லோவர் ஆமின் புஷ் (மூட்டிலுள்ள இறப்பர்) போல்ட்டுகளைச் சில்லு தொங்கும்போதே இறுக்கினால், கார் இறங்கியதும் இறப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும். அந்த முறுக்கம் காரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கும். புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். கிழிந்ததும் இன்று எடுத்த அளவுக்கு அர்த்தமில்லை. போல்ட்டுகளைக் கைப்பிடியில் விட்டு, காரைச் சில்லில் நிற்க வைத்து, முன்பக்கத்தை நாலைந்து தரம் அமுக்கிவிட்டு, பிறகு முழுதாக இறுக்க வேண்டும். இதை விட்ட காருக்கு மெஷினும் ஒன்றுதான், நூலும் ஒன்றுதான்.

நூல் முறைக்கு மீன்பிடித் தங்கூசி நல்லது, தொய்யாது. காரின் இரு பக்கமும், சில்லின் நடு உயரத்தில், முன்னிருந்து பின்வரை இழுத்துக் கட்ட வேண்டும். முன் ஹப்பிலிருந்து (சில்லின் நடுப்பகுதி) நூலுக்கு இடமும் வலமும் ஒரே இடைவெளி, பின் ஹப்பிலும் அப்படியே. முன்னும் பின்னும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் இரண்டு அச்சின் அகலமும் வேறு. பலர் பிழைவிடுவது இங்கேதான். ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவிட்டு, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து இரும்பு அடிமட்டத்தால் அளக்க வேண்டும். முன் இடைவெளி 1 மில்லிமீற்றர் கூட என்றால் அந்தச் சில்லு 1 மில்லிமீற்றர் டோ-இன் (முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறது). 14 அங்குல ரிம்மில் அது ஏறத்தாழ 9 கலை (60 கலை ஒரு பாகை). ரிம் நெளிந்திருக்கலாம், சில்லை அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி அளந்து சராசரி எடுப்பது பாதுகாப்பு. ஒவ்வொரு முன்சில்லின் கீழும் கிரீஸ் பூசிய இரண்டு வழவழப்பான தகடுகள் வைத்தால் ரயர் நிலத்தைப் பிடித்து இழுக்காது.

டோவைத் திருத்தும்போது ரை ரொட்டின் லொக் நட்டைத் தளர்த்துமுன் ரக் பூட்டின் (ஸ்டியரிங் ரக்கை மூடும் இறப்பர் உறை) சின்னக் கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூட் ரொட்டோடு முறுகிக் கிழியும். கடல்காற்றில் துருவேறிய நட் என்றால் முதல்நாளே எண்ணெய் விட்டு வைப்பது புத்தி. ரை ரொட்டைக் கால் சுற்றுச் சுற்றினால் சின்னக் காரில் 1 மில்லிமீற்றர் அளவில் மாறும். இரு பக்கமும் சமமாகச் சுற்ற வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சுற்றினால் ஸ்டியரிங் சரிந்து நிற்கும். நட்டை இறுக்கியபின் கட்டாயம் மறுபடி அளக்க வேண்டும்.

மெஷின் இந்த டோவையே விரைவாகத் தரும். ஆனால் அதன் உண்மையான பலன் வேறு: காஸ்டர், பின்சில்லுகள் பார்க்கும் திசை, ஒவ்வொரு பக்கத்துக் கம்பர். கம்பரை மேசன்மாரின் தூக்குக்குண்டால் பார்க்கலாம்தான் (380 மில்லிமீற்றர் உயரத்தில் 1 பாகை என்றால் 6.6 மில்லிமீற்றர்), ஆனால் 1.5 மீற்றர் அகலத்தில் நிலம் 5 மில்லிமீற்றர் சரிந்திருந்தாலே கிட்டத்தட்ட 0.2 பாகை பொய் சொல்லும். காஸ்டருக்கு நூலில் வழியில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மெஷினிலும் கவனம் வேண்டும். அலோய் ரிம்மில் கிளாம்ப் சரியாக உட்காராவிட்டாலோ, காரை முன்பின் உருட்டி ரிம் நெளிவைக் கழிக்கும் படியைத் தாண்டிவிட்டாலோ, அச்சடித்து வரும் தாள் அழகாயிருக்கும், கார் இழுக்கும்.

ஆகவே ரை ரொட் எண்ட் மட்டும் மாற்றியவருக்கு நூல் தாராளம். ஸ்பிரிங், ஸ்ட்ரட், ஆம் மாற்றியவர் மெஷினுக்குப் போவதே சரி. போகுமுன் சில்லை மேலும் கீழும் பிடித்து, பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். போல் ஜொயின்ட் (ஆமின் நுனியிலுள்ள உருண்டை மூட்டு) ஆடினால் எந்த அளவும் நிற்காது.

கம்பர் திருத்துவதென்றால் மூன்று வழி. ஸ்ட்ரட் துளையை அரத்தால் நீட்டுவதை விட்டுவிடலாம். முதல் குழியிலேயே வழுக்கும். மேலே போடும் கம்பர் பிளேட் நம்மூர் ஒழுங்கைகளில் சத்தம் போடும், ஓட்டப்பந்தயக் காருக்குத்தான் பொருத்தம். மிஞ்சுவது மெல்லிய தண்டுள்ள கம்பர் போல்ட். அதை அதன் பெட்டியில் சொன்ன இறுக்கத்துக்கே இறுக்க வேண்டும், பழைய போல்ட்டின் இறுக்கம் கூடிப்போகும். தலையிலிருந்து ஸ்ட்ரட் வரை பெயின்ற் கோடு ஒன்று இழுத்துவிட்டால் பிறகு நகர்ந்ததா என்று கண்ணால் பார்க்கலாம். வரிசை மாறக்கூடாது: காஸ்டர், கம்பர், கடைசியில் டோ, ஏனென்றால் கம்பர் அசைந்தால் டோவும் அசையும். பதித்த காரில் 1 பாகை நெகட்டிவ் கம்பர் (சில்லின் மேல்பக்கம் உள்ளே சரிவது) ரயரைப் பெரிதாகத் தின்னாது. உள்விளிம்பைத் தின்பது பெரும்பாலும் அதோடு சேர்ந்த டோ-அவுட் (முன்பக்கம் வெளியே திரும்புவது).

ஓட்டிப் பார்க்கும்போது வீதி இடப்பக்கம் சரிந்திருப்பதால் கார் மெல்ல இடது போவது இயல்பு. தெளிவாக இழுத்தால் முன்ரயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் ரயரில்.