ஆன்லைன் கிளாஸ்ல ஒரு டவுட் கேக்கறதுக்குள்ள படற பாடு

சித்தி பொண்ணு இந்த வருஷம் பதினொண்ணாவது, சயின்ஸ் எடுத்திருக்கா. லைவ் கிளாஸ் பேக்கேஜ் ஒண்ணு ஆஃபர்ல பாதி ரேட்டுக்கு வருதாம், சேரட்டுமாண்ணான்னு கேட்டா. போன்ல சொல்லி முடியாது, அதான் எழுதறேன். எந்த டேப்லெட், எத்தனை இன்ச், நெட் ஸ்பீடு இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்குள்ள போகல.

2020 மார்ச்ல ஸ்கூல் மூடினப்ப நான் ஏழாவது முடிக்கற நேரம். எட்டாவது முழுக்க போன்லயே போச்சு, ஒன்பதாவதுலயும் தொறக்கறதும் மூடறதுமாதான் இருந்துச்சு. அப்புறம் பன்னெண்டாவதுல, 2024 நவம்பர்ல, டெல்லி காத்து மோசமாகி, காத்து மாசுக்குப் போடற கிராப் கட்டுப்பாடுகள்ல ரொம்பக் கடுமையான நாலாவது ஸ்டேஜ் போட்டாங்க. முதல்ல பத்தாவதுக்கும் பன்னெண்டாவதுக்கும் மட்டும் ஸ்கூல் உண்டுன்னாங்க, சுப்ரீம் கோர்ட் சொன்னதும் எங்களுக்கும் ஆன்லைன் ஆயிடுச்சு. ஆர்.கே.புரத்துல எங்க குவார்ட்டர்ஸ் ஜன்னல்ல நின்னா எதிர் பிளாக்கே மங்கலாத்தான் தெரியும், அந்தக் காத்துல காலங்காத்தால பஸ் ஸ்டாப்ல நிக்க வேண்டாம்ங்கறதே பெரிய விஷயம். வீசிங் இருக்கற பசங்கள ஸ்கூலுக்கு வரச் சொல்றதுல நியாயமே இல்ல, இத நான் எங்க வேணா சொல்வேன்.

அந்த வருஷம் ஸ்கூல் ஆன்லைன் கிளாஸோட ஒரு பேக்கேஜும் வாங்கியிருந்தோம். அதுல ரொம்பப் பிடிச்சது ரெக்கார்டிங். லென்ஸ் மேக்கர் ஃபார்முலா டெரிவேஷன் கிளாஸ்ல ஓடற ஓட்டத்துல எனக்கு ஏறவே இல்ல, வீட்ல ஒவ்வொரு வரியா நிறுத்தி சைன் கன்வென்ஷன், அதாவது எந்த தூரம் பிளஸ் எது மைனஸ்ங்கறத, பாத்துப் பாத்து எழுதினப்புறம்தான் புரிஞ்சுது. ஒண்ணு சொல்லணும், என்சிஇஆர்டி புக்ல இருக்கற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா தீக்ஷாங்கற கவர்ன்மென்ட் ஆப்ல வீடியோ ஃப்ரீயாவே வருது, காசு கட்றதுக்கு முன்னாடி அதைப் பாரு.

ஆனா டவுட். எரிச்சலே அங்கதான். எக்ஸ் சைன் எக்ஸ் இன்டெக்ரேஷன், பார்ட்ஸ் மெத்தட்ல போயிட்டிருக்கு. முதல் டெர்ம் மைனஸ், ரெண்டாவது டெர்ம் பிளஸ், எப்படி பிளஸ் ஆச்சுன்னு எனக்குத் தெரியல. "எனி டவுட்ஸ்?"னு சார் கேட்டார். நான் சாட்ல இன்டெக்ரல் சிம்பலத் தேடி, கிடைக்காம, தமிழா இங்கிலீஷான்னே தெரியாத மாதிரி ஒரு வரி டைப் பண்ணி அனுப்பறதுக்குள்ள அடுத்த கணக்கு வந்துடுச்சு, என் வரிக்கு மேல நூறு "யெஸ் சார்" ஏறி உக்காந்துடுச்சு. ஃபோட்டோ எடுத்து டவுட் செக்ஷன்ல போட்டேன், மறுநாள் பதில் வந்துச்சு, ஃபார்முலா ஷீட். நான் கேட்டது ஃபார்முலா இல்ல சார், அந்த ஒரு பிளஸ்! சைனோட இன்டெக்ரல் மைனஸ் காஸ், ஃபார்முலாவுலயே ஒரு மைனஸ் இருக்கு, ரெண்டு மைனஸ் சேந்து பிளஸ். பக்கத்து பெஞ்ச் பையன்கிட்ட நோட்டத் திருப்பிக் காட்டியிருந்தா ரெண்டு செகண்ட்ல முடிஞ்சிருக்கும். வீட்ல தனியா உக்காந்து அது தெரியாம அதுக்கப்புறம் வந்த கணக்கு எல்லாமே கண்ணக் கட்டி காட்டுல விட்ட மாதிரி ஆயிடுச்சு.

டீச்சர்ஸ குறை சொல்ல மனசு வரல. எல்லார் கேமராவும் ஆஃப், கறுப்புக் கட்டத்தப் பாத்து பாடம் நடத்தினா யாருக்குப் புரிஞ்சுது யாருக்குப் புரியலன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்கூல்ல எங்க மேம் கடைசி பெஞ்ச்ல ஒருத்தன் முழிக்கறதப் பாத்தாலே போர்ட அழிக்காம நிப்பாங்க. எட்டாவதுல ஒரு மேம் செல்போனை டப்பா மேல சாய்ச்சு வச்சு பேப்பர்ல எழுதிக் காட்டி நடத்தினாங்க, அவங்கள மறக்கவே மாட்டேன்.

பிராக்டிகலும் அப்படித்தான். சொட்டு சொட்டா விட்டு கலர் மாறற இடத்த அளக்கற டைட்ரேஷன் வீடியோல பிங்க் கலர் அழகா வந்து நிக்கும், நம்ம கையில பர்மாங்கனேட் ஒரு சொட்டு கூடப் போயிட்டா ரீடிங் போச்சு. ஸ்கூல் தொறந்து லேப்ல செஞ்சப்பதான் கை பழகுச்சு.

போர்டு எக்ஸாமுக்கு முன்னாடி கெமிஸ்ட்ரி முழுக்க ரெக்கார்டிங் வச்சுத்தான் ரிவைஸ் பண்ணேன், மார்க்கும் நல்லாவே வந்துச்சு, அத மறைக்கல. இருந்தாலும் சொல்றேன், சேராத. பாதி ரேட்டுன்னாலும் வேண்டாம். அந்தக் காசுக்கு மயூர் விஹார்ல உங்க பாக்கெட்லயே, அதான் உங்க வீட்டு பிளாக்குங்க இருக்கற ஏரியாவுலயே, மேத்ஸ் எடுக்கற யார்கிட்டயாவது போ, நோட்ட நேர்ல நீட்டி "இது எப்படி பிளஸ் ஆச்சு"ன்னு கேளு. நவம்பர்ல மறுபடி புகை வந்து ஸ்கூல மூடினா என் டேப்லெட்ட எடுத்துக்கோ, சார்ஜர் மட்டும் புதுசா வாங்கணும்.