உறுதிக் காணியா, பேர்மிற் காணியா? வன்னிக்கு ஏற்ற மெய்நிகர் உலகம் எது

வன்னியில் காணி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உறுதி இருக்கா, பேர்மிற்றா?" றோட்டுக் கரையா, குளத்து வாய்க்கால் வருமா, மண் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. உறுதி என்றால் முழு உரிமைப் பத்திரம், பேர்மிற் என்றால் அரசாங்கம் கொடுக்கும் அனுமதிப் பத்திரம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகள் பெரும்பாலும் பேர்மிற் காணிகள். உழலாம், வீடு கட்டலாம், ஒரு பிள்ளையின் பெயரைப் பின்னுரித்துக்குப் போடலாம். நினைத்த நேரம் நினைத்தவருக்கு விற்க முடியாது. இரண்டு தலைமுறை காடு வெட்டி வியர்வை சிந்திய நிலத்திலும் கடைசிச் சொல் வேறொருவருடையது.

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறவன் நான். கணினித் திரைக்குள் பலர் சேர்ந்து நடமாடவும் கட்டவும் கூடிய மெய்நிகர் உலகங்களை எங்கள் ஊரின் தொழிலுக்கும், ஊரைப் புதிதாக யோசித்துப் பார்ப்பதற்கும் பயன்படுத்தலாமா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். வசதி, விலை, அழகு எல்லாவற்றையும் ஒப்பிட்டபின்னும் கடைசியில் அந்தக் காணிக் கேள்வியில்தான் வந்து நின்றேன். உள்ளே நான் கட்டுவது யாருடையது?

செகண்ட் லைஃப்பிலிருந்து தொடங்குகிறேன். சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லாப் நிறுவனம் 2003இல் திறந்த உலகம் இது. வெல்வதற்கோ தோற்பதற்கோ அங்கு எதுவும் இல்லை. உள்ளே போனவர்கள் தாங்களே வீடு கட்டினார்கள், உடுப்பும் தளபாடமும் செய்தார்கள், ஒருவருக்கொருவர் விற்றார்கள். பணம் லிண்டன் டொலர். ஏறத்தாழ 250 சேர்ந்தால் ஓர் அமெரிக்க டொலர். 2006, 2007 காலத்தில் பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே கடை போட ஓடின. ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் உள்ளே ஓர் அலுவலகம் திறந்தது. மாலைதீவும் சுவீடனும் தூதரகம் திறந்தன. அமெரிக்கன் அப்பரல் என்ற உடுப்பு நிறுவனம் 2006இல் கடை திறந்து அடுத்த ஆண்டே பூட்டியது.

ஏன் பூட்ட வேண்டி வந்தது? கடை இருந்தது, கடைக்குள் ஆள் இல்லை. வந்தவர் சுற்றிப் பார்த்தார், பேச யாரும் இல்லை, போய்விட்டார். கிளிநொச்சிச் சந்தையில் ஒரு மரக்கறிக் கடை அப்படிக் கிடந்தால் எத்தனை நாளைக்கு ஓடும்? அதே காலத்தில் உள்ளேயே வாழ்ந்து, உள்ளே இருப்பவர்களுக்குத் தேவையானதைச் செய்தவர்கள் உழைத்தார்கள். ஆன்ஷே சுங் என்ற பெயரில் இயங்கிய பெண் அங்கே நிலத்தை மொத்தமாக வாங்கி, அழகுபடுத்தி, துண்டு துண்டாக வாடகைக்கு விட்டு, 2006இல் பிஸ்னஸ்வீக் இதழின் அட்டைப்படத்துக்கே வந்தார்.

இன்னொரு முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்டார்வூட் ஹோட்டல் நிறுவனம் தன் புதிய அலோஃப்ட் ஹோட்டலை நிலத்தில் கட்டுவதற்கு முன், 2006இல் செகண்ட் லைஃப்பில் கட்டியது. வந்து நடந்து பார்த்தவர்களின் கருத்தைக் கேட்டு வடிவமைப்பைத் திருத்தியது. உண்மையான ஹோட்டல் 2008இல்தான் திறந்தது. மெய்நிகர் உலகத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்த இதைவிடப் புத்தியான வழி எனக்குத் தெரியவில்லை. ஏ9 வீதிக் கரையில் சாப்பாட்டுக்கடையோ விருந்தினர் விடுதியோ கட்ட நினைப்பவர் கொங்கிறீற் போட்ட பிறகு சுவரை நகர்த்த முடியாது. திரையில் நகர்த்தலாம், எத்தனை தடவையும்.

சரி, செலவுக்கு வருவோம். செகண்ட் லைஃப்பில் ஒரு பிராந்தியம் என்பது 256 மீற்றர் நீளமும் 256 மீற்றர் அகலமும் கொண்ட சதுரம். எங்கள் கணக்கில் 16 ஏக்கருக்குச் சற்று மேல். ஒரு முழுப் பிராந்தியத்தைத் தனியாக வைத்திருக்க மாதம் 200 டொலருக்கு மேல் கட்ட வேண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 60,000 ரூபாயைத் தாண்டுகிறது. கட்டாத மாதம் காணி போய்விடும். இதைக் காணி என்று சொல்வதே பிழை, மாதக் குத்தகை என்பதுதான் சரியான சொல்.

எனவே கடை போடுவதற்காக அங்கே போக வேண்டாம் என்பது என் முடிவு. பொருள் செய்து விற்பது வேறு கதை. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாண உருவம் செய்து செகண்ட் லைஃப்பின் சந்தையில் போடுவதற்கு நிலமே தேவையில்லை. எங்கள் மாணவி ஒருத்தி கடகத்தையும் நீத்துப்பெட்டியையும் ஓலைப் பின்னல் தெரியும்படி செய்து காட்டினாள். பின்னலைக் கையால் செய்து பழகிய வீட்டுப் பிள்ளை, அதனால் ஓலை எங்கே மடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்படியான கைகள் வன்னியில் நிறைய உண்டு. தடை வேறு இடத்தில்: உழைத்த பணத்தை வெளியே எடுப்பது. இலங்கையிலிருந்து பேபால் வழியாகப் பணம் அனுப்ப முடிந்தாலும் பெற முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. ஆகவே பொருள் செய்யத் தொடங்குமுன் பணம் எந்த வழியாகக் கைக்கு வரும் என்று முதலில் விசாரியுங்கள். வெளிநாட்டு உறவினரின் கணக்கில் போட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். உழைத்தவர் பெயரில் இல்லாத பணம் உழைத்தவருடையதாக நிற்பது கடினம் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விளையாடுகிறவர்களே விளையாட்டு உலகங்களைச் செய்து போடும் ரோப்லொக்ஸை எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே போனில் விளையாடுகிறார்கள், அதுதான் அதன் பலம். உருவாக்குபவருக்கு அங்கே வருமானமும் உண்டு. ஆனால் அதன் உள்நாணயமான றோபக்ஸில் உழைத்தது 30,000 சேர்ந்த பிறகுதான் அதைக் காசாக்க விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நீண்ட ஓட்டம். கிரிப்டோ நாணயத்தில் நிலம் வாங்கி விற்கும் டிசென்ட்ராலாண்ட் என்ற உலகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 2021 நவம்பரில் அங்கே ஒரு நிலத்தொகுதி 24 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. நிலத்தை ஊகத்துக்கு வாங்கும் இடம் அது. எங்கள் மக்களின் சேமிப்பு அந்தப் பக்கம் போகவே கூடாது.

இனி ஓப்பன்சிமுலேட்டர். மெய்நிகர் உலகத்தை நீங்களே நடத்துவதற்காக 2007இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளலாம். செகண்ட் லைஃப்புக்குப் பயன்படும் அதே மாதிரிப் பார்வை மென்பொருளால் இதற்குள்ளும் நுழையலாம். ஆனால் சேர்வர், அதாவது உலகத்தை ஓடவைக்கும் கணினி, உங்களுடையது. பல்கலைக்கழக அறையிலோ உங்கள் வீட்டு மேசையிலோ ஓடலாம். நிலத்துக்கு வாடகை கிடையாது. ஒரு பிராந்தியத்தை அதன் மேடு பள்ளம், கட்டடம், மரம் எல்லாவற்றோடும் ஒரே கோப்பாகச் சேமித்து எடுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கோப்புத்தான் உறுதி. வேறொரு சேர்வரில் திறந்தால் ஊர் அப்படியே எழும்பி நிற்கும். குறை என்னவென்றால் அங்கே சனம் குறைவு, சந்தையும் மிகச் சிறியது, சேர்வரைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விற்க விரும்புகிறவருக்கு செகண்ட் லைஃப், கட்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு ஓப்பன்சிமுலேட்டர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

உறுதியைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. மொஸில்லாவின் ஹப்ஸ் என்ற தளம் 2018இல் வந்தது. ஓர் இணைய இணைப்பைத் தட்டினால் போனிலேயே திறக்கும். இவ்வளவு எளிதான வேறொன்றை நான் பார்க்கவில்லை. 2024 மே 31இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். சோல் மாநகரம் 2023 ஜனவரியில் மக்களுக்கான சேவைகளோடு மெட்டாவேர்ஸ் சோல் என்ற தளத்தைத் திறந்தது. 2024 ஒக்டோபரில் அதுவும் மூடப்பட்டது. பணமும் ஆட்பலமும் உள்ள ஒரு மாநகரத்துக்கே இரண்டு ஆண்டு நிலைக்கவில்லை. திறக்கும்போது பெருவிழா நடக்கும், மூடும்போது மின்னஞ்சலில் ஓர் அறிவித்தல் வரும். ஒரே இரவில் சட்டி பானையை விட்டுவிட்டு நடந்த சனத்திடம் போய், உங்கள் ஊரை இன்னொருவரின் சேர்வரில் கட்டுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊரைத் திரும்ப யோசித்தல்

இதுதான் எனக்கு மிக முக்கியமான பகுதி. போருக்குப் பின் வன்னியில் கட்டடங்கள் நிறைய வந்தன, றோட்டும் ரயிலும் வந்தன. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பிய நாளில் நிலையத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் எங்கே எது வர வேண்டும் என்று அங்கே வாழ்கிறவர்கள் பார்த்துச் சொன்ன இடங்கள் குறைவு. வரைபடத்தை விரித்துக் காட்டினால் பலர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வரைபடம் படிப்பது ஒரு படிப்பு. நடந்து பார்ப்பதற்குப் படிப்புத் தேவையில்லை.

ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பான யூஎன்-ஹபிடாட், மைன்கிராஃப்ட் விளையாட்டைச் செய்த மொஜாங் நிறுவனத்தோடு சேர்ந்து 2012இல் பிளொக் பை பிளொக் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மைன்கிராஃப்ட்டில் ஒரு கட்டி என்பது ஒரு மீற்றர். பொது இடம் ஒன்றை அப்படியே கட்டியாக அடுக்கி வைத்து, அங்கே வாழ்கிற மக்களையே மாற்றி அடுக்கச் சொல்வதுதான் முறை. நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் ஒரு விளையாட்டுத் திடலில் தொடங்கினார்கள். ஹெயிட்டியில் கடலோர ஊர் ஒன்றில் மீனவர்களே தங்கள் கரையோரத்தைத் திரையில் வடிவமைத்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் வாடி எங்கே, வலை காயப்போடுவது எங்கே, வள்ளம் இழுப்பது எங்கே என்று கேட்க வேண்டியவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான்.

நாங்கள் எடுத்துக்கொண்டது கிளிநொச்சிப் பொதுச்சந்தை. மைன்கிராஃப்ட் ஒரு கணக்குக்கு ஏறத்தாழ 30 டொலர் கேட்கிறது. பத்துப் பிள்ளைகளுக்கு 90,000 ரூபாய் வரும். அதனால் லுவாண்டிக்குப் போனோம். 2010இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி 2024இல் பெயர் மாற்றிக்கொண்ட இலவச மென்பொருள். மைன்கிராஃப்ட்டின் மெருகு இதில் கிடையாது, உருவங்கள் சற்று முரட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் பழைய கணினியில் ஓடும், அன்ட்ரொய்ட் போனிலும் ஓடும். ஒரு லாப்டொப்பை சேர்வராக வைத்து, ஒரு ரவுட்டரைப் போட்டால் இன்டர்நெட்டே இல்லாமல் பத்துப் பேர் ஒரே ஊருக்குள் நிற்கலாம். டேட்டா காசு ஒரு சதமும் இல்லை.

சந்தையில் மரக்கறி விற்கும் ஓர் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினோம். பிள்ளைகள் தரையை உயர்த்தி, படி வைத்து, வெள்ளையாக அழகாகக் கட்டியிருந்தார்கள். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உந்தப் படியிலை மூட்டையோட எப்பிடி ஏறுறது? லொறி எங்கை நிக்கும்?" எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. அன்று பின்னேரமே படியை எடுத்துச் சரிவு வைத்தார்கள். அப்புறம் 2016 செப்டெம்பரில் அந்தச் சந்தையில் பிடித்த தீயைப் பற்றிப் பேச்சு வந்தது. தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்த நாள் அது. இப்போதைய மாதிரியில் வண்டி நுழையும் அகலத்துக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. கட்டிகளை எண்ணிப் பார்த்தால் அகலம் தெரிந்துவிடும், அளவுகோல் தேவையில்லை.

இந்தக் கட்டி உலகங்களால் முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மைன்கிராஃப்ட்டில் தண்ணீர் சமதரையில் ஏழு கட்டி தூரம் ஓடி நின்றுவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய்ந்தபோது தண்ணீர் அப்படி நிற்கவில்லை. வெள்ளம் எங்கே ஏறும், வாய்க்கால் எந்த அகலம் வேண்டும் என்பதற்கெல்லாம் அளந்து எடுத்த நில உயரமும் பொறியியல் கணக்கும் வேண்டும். சிங்கப்பூர் 73 மில்லியன் சிங்கப்பூர் டொலர் செலவில் தன் முழு நகரத்துக்கும் அப்படி ஓர் எண்மப் பிரதி செய்தது. எங்களால் அந்தச் செலவை நினைக்கவே முடியாது. ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அறிவியல்நகரில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு குளத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்து மாணவர்கள் செய்யத் தொடங்கலாம். மக்கள் எது வேண்டும் என்று சொல்வதற்குக் கட்டி உலகம் போதும். அது தாங்குமா என்று சொல்வதற்குப் பொறியியலாளர் வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளை உள்ளே விடுவதா என்பதும் ஒரு கேள்வி. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தங்கள் ஊரில் நடந்து பார்க்க ஆசைப்படுவது நியாயம், அதற்கு ஓப்பன்சிமுலேட்டர் நல்லது. ஆனால் கட்டியை வைக்கும் உரிமை முதலில் அங்கே தினமும் நடக்கிறவருக்கு இருக்கட்டும். எல்லோருக்கும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க் இருக்கிறது. 2014இல் அந்த நாட்டு நில அளவை நிறுவனம் நாடு முழுவதையும் மைன்கிராஃப்ட்டில் கட்டித் திறந்துவைத்தது. சில வாரங்களில் யாரோ வந்து சில பகுதிகளை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எங்கள் சேர்வரில் நான் முதல் வேலையாக வெடிமருந்துக் கட்டியை நீக்கிவிட்டேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்கவில்லை.

அடுத்ததாக மாங்குளம் சந்தியை எடுக்கிறோம். ஏ9 வீதியும் முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியும் சந்திக்கும் இடம். வட மாகாணத்தின் நிர்வாக மையமாக ஆக்கலாம் என்ற பேச்சு நெடுநாளாக அந்த ஊரைச் சுற்றி இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற இலவச இணைய வரைபடத்தில் பெரிய வீதிகள் கிடைக்கின்றன. ஒழுங்கைகளையும் வாய்க்கால்களையும் பிள்ளைகள் சைக்கிளில் போய்க் குறித்து வருகிறார்கள். சந்தை மாதிரியின் கோப்புறையை மூன்று பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கிறோம். ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று என்னிடம், ஒன்று சந்தை வியாபாரிகளிடம்.