வீட்டுக் கணினி பேக்கப்: ஹார்டு டிஸ்க்கா, கிளவுடா?

காசு கொடுக்காமல் இறக்கும் கிராக் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் ரான்சம்வேர்களில், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்களில், 'ஸ்டாப்' பேர்போனது. படம், ஆவணம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டிவிட்டு, ஒரு கடிதத்தையும் போட்டுவைக்கும்: சாவிக்கு ஆயிரம் டாலர் போல, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் அதில் பாதி. ஆடித் தள்ளுபடி மாதிரி! பணம் கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வேறு பிரதி இருந்தால், கணினியில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம். அந்தப் பிரதியை எங்கே வைப்பது?

வேகத்தில், ஹார்டு டிஸ்க்குக்குக் கிட்டேயே கிளவுட் (இணையம் வழியாகச் சேமிக்கும் இடம்) வர முடியாது. 200 ஜிபி படங்கள் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கில் ஏற ஒரு மணி நேரம் போல ஆகும். கிளவுடுக்கு 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் விடாமல் ஓடினாலும் 22 மணி நேரம். செலவும் அப்படித்தான். டிஸ்க்குக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். கூகுளில் 15 ஜிபி வரைதான் இலவசம், அதிலும் ஜிமெயிலுக்குப் பங்கு உண்டு. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் வெறும் 5 ஜிபி.

ஆனால் டிஸ்க்கைச் சொருகியபடியே விட்டுவைப்பவர்கள்தான் அதிகம். ரான்சம்வேருக்கு அதுவும் இன்னொரு டிரைவ்தான், சேர்த்தே பூட்டிவிடும். காப்பி முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்தால்தான் அது பேக்கப். திருடு போனால்? விண்டோஸ் ஹோம் பதிப்பில், மைக்ரோசாஃப்டின் பூட்டு மென்பொருளான பிட்லாக்கர் போட்டு இந்த டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்ட வழியில்லை. அதே வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் வெராகிரிப்ட் மென்பொருள் போதும்.

தீ, வெள்ளம், திருட்டு என்று வந்தால் கிளவுட்தான் கைகொடுக்கும். ஆனால் கணினியோடு சிங்க் ஆகும் (இங்கே மாறியது அங்கேயும் தானாக மாறும்) ஃபோல்டரில், பூட்டப்பட்ட ஃபைலும் சமர்த்தாக மேலே போய் நல்லதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பழைய பதிப்புகள் கொஞ்ச காலம் இருக்கும் என்பது உண்மைதான். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாதாரர்கள் ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாளில் ஏதோ ஒரு நாளுக்குத் திருப்பிவிடலாம். இலவசக் கணக்கில் பொதுவாக ஒவ்வொரு ஃபைலாகத் திருப்ப வேண்டும்; பத்தாயிரம் படத்துக்கு யார் உட்காருவது? இன்னொன்று, 2 ஆண்டுகள் தொடாமலே கிடக்கும் கணக்கை கூகுள் அழித்துவிடலாம். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடாத கணக்கு களவு போகும் அபாயத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பென் டிரைவா? ஃபைலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக மட்டும்.

ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு 1 டிபி ஹார்டு டிஸ்க்குக்கு. அன்றாடம் திருத்தும் கணக்கு வழக்கு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் இதெல்லாம் கூகுளின் அந்த இலவச 15 ஜிபியில் அடங்கிவிடும். அப்புறம், காப்பி செய்ததில் நாலு படத்தை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் மூலம் கையில் இருக்கும்போதே மறுபடி காப்பி செய்துவிடலாம்.