எதிர் மரையும் பிளாஸ்டிக் பல்லும்: மரம் அறுக்கும் இயந்திரத்தோடு ஆறு ஆண்டுகள்

நான் வைத்திருக்கும் அதே 58 சிசி ரக மரம் அறுக்கும் இயந்திரம் இப்போது விலை குறைந்திருக்கிறது, தோப்புக்கு ஒன்று எடுக்கலாமா என்று மைத்துனர் கேட்டார். போனில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின், பேராவூரணிப் பக்கம் தோப்பு வைத்திருந்த எல்லோரையும் போல நானும் சாய்ந்து கிடந்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்த ஆள் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் அடுத்த பொங்கலுக்கு முன் சொந்தமாகவே இதை வாங்கிவிட்டேன். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் நாலாவது இழுப்பில் பற்றிக்கொள்கிறது. வெளியே வைரமும் உள்ளே சோறுமாக இருக்கும் தென்னையின் தூரைத் திணறாமல் அறுக்கிறது.

என் கோபமெல்லாம் பக்க மூடிக்குள் இருக்கும் அரையடி இடத்தின் மீதுதான். இதில் எஞ்சின் சுழற்றும் கிராங்க் தண்டின் மேல் முதலில் சங்கிலிக்கு ஆயில் விடும் பம்பை ஓட்டும் திருகுப் பல் சக்கரமான வார்ம் கியர், அடுத்து சங்கிலியை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் அதோடு சேர்ந்த கிண்ணம் போன்ற டிரம்மும், எல்லாவற்றுக்கும் வெளியே, வேகம் ஏறும்போது விரிந்து டிரம்மைப் பிடித்துச் சுழற்றும் கிளட்ச் என்ற வரிசையில் பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே சங்கிலியை மாட்டும்போதெல்லாம் அதை டிரம்மின் முதுகுக்குப் பின்னால் விட்டு, கண்ணுக்குத் தெரியாத ஸ்ப்ராக்கெட்டின் பல்லில் விரலால் தடவித்தான் உட்கார வைக்க வேண்டும். கிளட்ச் உள்ளே இருக்கும் இயந்திரங்களில் ஒரு சிறு கிளிப்பைத் தள்ளிவிட்டு ஸ்ப்ராக்கெட்டை உருவிவிடலாம்; இதிலோ தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டை மாற்றக்கூட கிளட்ச்சையே கழற்றியாக வேண்டும். ஸ்பார்க் பிளக்கை எடுத்து, பிஸ்டன் மேலேறும் நேரம் பார்த்து அந்தத் துளை வழியே நைலான் கயிற்றைச் சுருட்டி உள்ளே விட்டு, பிஸ்டன் அதில் முட்டி, தண்டு சுற்றாமல் நின்றபின் கிளட்ச்சை வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும், ஏனென்றால் அது எதிர் மரை. முதல் தடவை இது தெரியாமல் இடப்பக்கம் திருப்பித் திருப்பி நானே இறுக்கியிருக்கிறேன்.

வெளிக் கிளட்ச்சுக்கும் நியாயம் உண்டு. சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடான பாரும் சங்கிலியும் எஞ்சின் உடம்போடு ஒட்டி ஓடுவதால், சங்கிலியின் இழுவை கிராங்க் பேரிங்குக்கு அருகிலேயே விழுகிறது. வார்ம் கியரை எட்டுவதற்கு உள் கிளட்ச் உள்ளவற்றிலும் கிளட்ச்சைக் கழற்றத்தான் வேண்டும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அந்த வார்ம் கியர் பிளாஸ்டிக்கில் இருப்பதுதான் என்னை மீண்டும் மீண்டும் அந்தக் கிளட்ச்சிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. வேலைக்கு வந்த பையன் ஒருநாள் சங்கிலியை ஓடவிடாமல் பிடிக்கும் செயின் பிரேக் விழுந்திருப்பதைக் கவனிக்காமல் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தான். நின்ற டிரம்முக்குள் கிளட்ச் உரசிய சூடு பின்னால் இருந்த கியருக்கு இறங்கி, பற்கள் மெழுகு வழிந்ததுபோல் மழுங்கிவிட்டன. டாங்கில் ஆயில் குறையவே இல்லை என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தேன். அதற்குள் பாரின் விளிம்பு நீலம் பாரித்திருந்தது. இன்னொரு முறை தென்னந்தும்பு ஸ்ப்ராக்கெட்டின் பின்னால் கயிறாகத் திரித்துக்கொண்டு கியரையே அறுத்துவிட்டது. மூன்றாவது முறைக்கு எனக்குக் காரணமே தெரியவில்லை. அன்றிலிருந்து, அறுக்குமுன் பார் முனையை ஒரு சிமென்ட் பைக் காகிதத்துக்கு நேராகப் பிடித்து முறுக்கி, ஆயில் கோடு விழுகிறதா என்று பார்க்காமல் மரத்தில் வைப்பதில்லை.

கடுப்பில் உலோகக் கியர் ஒன்றை வாங்கிப் போட்டேன். இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக ஓடியது. பிறகு ஆயில் பம்பே இறுகிக்கொண்டது. பிளாஸ்டிக்காக இருந்தால் நூறு ரூபாய்க்குள் கியரோடு போயிருக்கும். உலோகம் விட்டுக்கொடுக்காததால் பம்பின் தண்டில் இருந்த பற்கள் கடைந்தெடுக்கப்பட்டு, பம்ப் முழுவதையும் மாற்றினேன். மிச்சம் பிடிக்கிறேன் என்று டிராக்டரில் வடித்த பழைய ஆயிலைச் சங்கிலிக்கு ஊற்றியது என் தப்பு, அதில் மிதந்த துகள்தான் பம்பைப் பிடித்தது என்று மெக்கானிக் சொன்னதை நான் மறுக்கவில்லை. பிளாஸ்டிக் கியர், வீட்டு ஃபியூஸ் கம்பியைப் போலத் தான் போய் மற்றதைக் காப்பாற்றும் பொருள் என்ற அவருடைய வாதமும் சரிதான். ஆனால் ஃபியூஸ் போட ஸ்பார்க் பிளக் துளைக்குள் யாரும் கயிறு விடுவதில்லை.

ஆறு ஆண்டில் இந்த மூன்று கியர், ஒரு பம்ப், வழக்கமாகத் தேயும் சங்கிலிகள் தவிர வேறு செலவே வைக்கவில்லை. இருந்தும் மைத்துனருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, கிளட்ச் உள்ளே இருப்பதாகப் பார்த்து எடுக்கட்டும். மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி, ஸ்ப்ராக்கெட் வெளியே தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடட்டும். என்னுடையதை விலைக்குக் கேட்டால் தரமாட்டேன். நேற்று மறுபடியும் பிளாஸ்டிக் கியர்தான் போட்டிருக்கிறேன், இன்னும் இரண்டு கியர்கள் மாத்திரை டப்பாவில் கிடக்கின்றன.