கழிப்பறைகூட இல்லாத எண்ணெய் மேடை: ஓசேபர்க் எச்

கடல் மேடைகளில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை (அளவுக் கருவிகளைக் கவனிக்கும் வேலை) பார்த்தவன் என்ற முறையில், நார்வேயின் ஓசேபர்க் எச் மேடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.

ஓசேபர்க், வட கடலில் பெர்கன் நகருக்கு வடமேற்கே உள்ள எண்ணெய் வயல். 1979-ல் கண்டுபிடித்தார்கள், 1988 முதல் எண்ணெய் வருகிறது. 1990-களிலேயே உச்சம் முடிந்துவிட்டது. மேற்குப் பக்கம் மிச்சமிருந்ததை எடுக்க ஆள் தங்கும் மேடை போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் ஈக்வினார் நிறுவனம் 2018 அக்டோபரில் இந்த ஆளில்லா மேடையை ஓடவிட்டது. போட்ட மதிப்பீடு 820 கோடி குரோனர் (நார்வே நாணயம்). முடிந்தது சுமார் 650 கோடியில்.

குடியிருப்பு இல்லை, ஹெலிகாப்டர் தளம் இல்லை, கழிப்பறையும் இல்லை. சிரிக்காதீர்கள். கழிப்பறை என்று ஒன்று வைத்தால் தண்ணீர்த் தொட்டி, பம்ப், கழிவுக் குழாய் எல்லாம் வரும். ஆள் படுத்துத் தூங்கினால் சமையலறையும் உயிர்காப்புப் படகும் வேண்டும். அவற்றைப் பழுது பார்க்க இன்னும் நாலு பேர். நான் இருந்த பழைய மேடையில் கிணற்றைவிட ஏசியோடுதான் அதிகம் மல்லுக்கட்டினோம். இங்கே கிணறுகளும் வால்வுகளும்தான் முக்கியம். எண்ணெய், வாயு, தண்ணீர் எல்லாம் கலந்தபடியே கடலடிக் குழாயில் தாய் மேடைக்கு, அதாவது ஆட்கள் இருக்கும் பெரிய மேடைக்குப் போகிறது, இயக்குவதும் அங்கிருந்துதான்.

பராமரிப்புக்கு வருடத்தில் ஓரிரு முறை கப்பல் வரும் என்பது திட்டம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் கப்பலில். ஏறுவது கேங்வே, அதாவது கப்பலிலிருந்து மேடைக்கு நீட்டும் நடைபாலம் வழியாக. வேறொரு மேடையில் அப்படி நடந்திருக்கிறேன். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும். கப்பல் ஏறி இறங்கும்போது காலடித் தகடு ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நீளும், குறுகும். மேடைப் பக்க முனை மட்டும் அசையாது. கீழே பார்க்காமல் நடந்தால் சுகம்.

குறைத்த ஒரு மதிப்பெண் எதற்கு? அழுத்தத்தை அளந்து அனுப்பும் ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று வையுங்கள். ஆள் இருக்கும் மேடையில் ஸ்பேனரோடு படியேறிப் பார்த்துவிட்டு டீ ஆறுவதற்குள் திரும்பிவிடலாம். இங்கே கப்பல் கிடைக்க வேண்டும், அலை அடங்க வேண்டும். அதனால் இப்படிப்பட்ட இடத்துக்குக் கருவி வாங்கும்போது விலையில் கை வைக்கவே கூடாது. அப்புறம், மேடைச் சமையல்காரர் தொடங்கிப் பலருக்கு இதில் வேலை கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழாய் எட்டும் தூரத்தில் தாய் மேடையும் அதில் கொஞ்சம் இடமும் இருந்தால் தாராளமாகப் போடலாம். தனியாகக் கிடக்கும் வயலுக்கு இது சரிப்படாது.